கழட்டிப் பார்த்தவர்: ஜி.டி. நாயுடு

காதர்பேட்டையில் மொத்தமா பனியன், டி-ஷர்ட் வாங்க வர்ற வியாபாரிகளைக் கவனிச்சுப் பாருங்க. லேபிளைக் கடைசியாத்தான் பார்ப்பாங்க. முதல்ல துணியை விரல் நடுவுல வச்சுத் தேய்ச்சுப் பார்ப்பாங்க. அப்புறம் உள்பக்கம் திருப்பி, தையல் எப்படி ஓடியிருக்குன்னு பார்ப்பாங்க. கழுத்து ரிப்பை இழுத்து விட்டு, அது பழைய அளவுக்குத் திரும்புதான்னு பார்ப்பாங்க. பொருள் கையில இருக்கும்போது லேபிளை எதுக்கு நம்பணும்ங்கிறது அவங்க கணக்கு.

பழைய மிலிட்டரி வண்டிகளை வாங்கி, பழைய நிலைக்குக் கொண்டு வர்ற ஹாபி ஒண்ணு உலகம் முழுக்க இருக்கு. அதுல இருக்கிறவங்களும் இதே கணக்குல போறவங்கதான். இரண்டாம் உலகப் போர் காலத்து ஜீப்பை எடுத்துக்குங்க. வில்லிஸ், ஃபோர்டு ரெண்டு கம்பெனியும் ஒரே டிசைனில் 6 லட்சத்துக்கும் மேல வண்டி செஞ்சாங்க. தூரத்தில் நின்னு பார்த்தா வித்தியாசமே தெரியாது. குனிஞ்சு ரேடியேட்டருக்குக் கீழ பார்க்கணும். அங்க இருக்கிற குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயா இருந்தா வில்லிஸ். கவுத்து வச்ச 'ப' மாதிரி சேனலா இருந்தா ஃபோர்டு. ஃபோர்டு கம்பெனி தன்னோட பாகங்களில், போல்ட் தலையில கூட, 'எஃப்' எழுத்தைப் பொறிச்சு அனுப்பியிருக்கு. 80 வருஷம் கழிச்சு ஒரு ஆள் கிரீஸைத் துடைச்சுட்டு அந்த எழுத்தைத் தேடுறார். கிடைச்சா அன்னைக்கு அவருக்கு தீபாவளி.

நம்ம நாட்டிலும் இந்த ஆர்வம் இருக்கு. ஜபல்பூரில் நிசான் டிசைனில் ராணுவத்துக்காகச் செஞ்ச ஜோங்கா வண்டிகளை ஏலத்தில் எடுத்து ரெடி பண்றவங்க இருக்காங்க. வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலை பெயிண்ட் அடிக்கிறது இல்ல, பாகங்களை அடையாளம் காண்றது. எது ஒரிஜினல், எது நடுவுல யாரோ மாத்தினது? பிரிட்டிஷ் விட்வொர்த் த்ரெட்டின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க த்ரெட்டுக்கும் மெட்ரிக் த்ரெட்டுக்கும் 60 டிகிரி. ஒண்ணுக்கு இன்னொண்ணைப் போட்டு முறுக்கினா ரெண்டு சுத்து ஏறும், மூணாவது சுத்துல த்ரெட் போயிடும். இந்த மாதிரி விஷயங்களைக் கண்ணும் கையும் சேர்ந்துதான் கத்துக்கணும்.

மேனுவல் இல்லாம ஒரு வண்டியை முழுசாகக் கழட்டி, ஒவ்வொரு பாகமும் எதுக்குன்னு புரிஞ்சுகிட்டு, மறுபடி ஓட வைக்கிற இந்த வேலையிலிருந்தே தன் வாழ்க்கையை ஆரம்பிச்ச ஒருத்தர் நம்ம பக்கத்துல இருந்தார். அவர் ராணுவ வண்டி சேகரிச்சவர் இல்ல. அவர் கையில் முதல்ல கிடைச்சது ஒரு மோட்டார் சைக்கிள். அவர்தான் கோபால்சாமி துரைசாமி நாயுடு. எல்லாருக்கும் ஜி.டி. நாயுடு. கோவையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கி.மீ. நீளத்துக்கு 2025 அக்டோபரில் திறந்த மேம்பாலத்துக்கு அவர் பேரைத்தான் வச்சிருக்காங்க. திருப்பூர்ல இருந்து கோவை போற நாம எல்லாரும் அந்தப் பேரைத் தாண்டித்தான் போறோம்.

300 ரூபாய் பைக்

1893 மார்ச் 23 அன்னைக்கு, சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் நாயுடு. சின்னக் குழந்தையா இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. மாமா வீட்டில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரல. வாத்தியார் மேல மண்ணை வாரிப் போட்டுட்டு ஓடினார்னு சொல்வாங்க. எப்படியோ, மூணாம் வகுப்போட படிப்பு முடிஞ்சது. அப்பா தோட்ட வேலைக்கு அனுப்பினார்.

அந்த நாட்களில் அந்தப் பக்கம் லங்காஷயர்னு ஒரு ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி மோட்டார் சைக்கிளில் வருவார். ருட்ஜ் கம்பெனி வண்டி. மாட்டு வண்டி, குதிரை வண்டி தவிர வேற எதுவும் பார்க்காத ஊரில், எந்த விலங்கும் இழுக்காம ஒரு சாமான் தானா ஓடுது. பார்த்தவங்க எல்லாருக்கும் ஆச்சரியம்தான். ஆனா இந்தப் பையனுக்கு வந்தது வேற மாதிரி ஆசை. ஓட்டிப் பார்க்கணும்ங்கிறதை விட, அது எப்படி ஓடுதுன்னு உள்ள பார்க்கணும்னு தோணுச்சு.

பார்க்கணும்னா வண்டி சொந்தமா இருக்கணும். ஊரை விட்டுக் கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சர்வரா சேர்ந்தார். சுமார் மூணு வருஷம் தட்டு எடுத்து, காபி கொண்டு வந்து வச்சு, காசு சேர்த்தார். கடைசியில் அதே அதிகாரிகிட்ட போய், அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். அந்தக் காலத்து 300 ரூபாய். மூணு வருஷ உழைப்பை அப்படியே கொடுத்து வாங்கின வண்டியை அவர் ஊர் சுத்தப் பயன்படுத்தல. போல்ட் போல்ட்டாகக் கழட்டினார். திரும்ப மாட்டினார். மறுபடியும் கழட்டினார்.

இது எவ்வளவு தைரியமான காரியம்னு புரியணும்னா அந்தக் காலத்து ருட்ஜ் எப்படி இருந்ததுன்னு தெரியணும். ஒரே சிலிண்டர், சுமார் 500 சிசி. ஸ்பார்க் கொடுக்க பேட்டரி கிடையாது, மேக்னெட்டோதான். பின் சக்கரத்துக்கு செயின் இல்ல, பெல்ட் போகும். எஞ்சின் ஆயிலை ஓட்டுறவரே அப்பப்போ கை பம்பால் அடிச்சு உள்ள அனுப்பணும். எவ்வளவு அடிக்கணும்னு புகையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும். குறைச்சா எஞ்சின் பிடிச்சுக்கும், கூட்டினா ஸ்பார்க் பிளக் கரி அடைச்சுக்கும்.

இதைப் பிரிச்சுப் போடுறது சுலபம். திரும்பச் சேர்க்கிறதுதான் பரீட்சை. கேம் ஓட்டுற பல்சக்கரத்தை ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினா வால்வ் தப்பான நேரத்தில் திறக்கும். மேக்னெட்டோ டைமிங் கொஞ்சம் நகர்ந்தா ஸ்பார்க் வரும், ஆனா எஞ்சின் பிடிக்காது. இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க அவருக்கு ஆள் கிடையாது. இங்கிலீஷ் புத்தகம் இருந்தாலும் மூணாம் வகுப்புப் படிப்பை வச்சு அதுல என்ன பண்ண முடியும்? ஒரே வழி, எந்த வரிசையில் கழட்டினோமோ அதைப் பின்னாலிருந்து திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. ஒவ்வொரு பாகத்திலும் எங்க தேய்மானம் இருக்கு, எது எதோட உரசியிருக்குன்னு பார்க்கிறது. பளபளன்னு தேய்ஞ்ச இடம், அந்தப் பாகம் எங்க வேலை செஞ்சதுன்னு சொல்லிடும். இன்னைக்கு ஜீப் ரெஸ்டோர் பண்றவரும் இதையேதான் பண்றார். கைப்பழக்கம் வந்ததும் நாயுடு மெக்கானிக் ஆனார்.

திருப்பூரில் பஞ்சு, பம்பாயில் நஷ்டம்

நம்ம ஊர்க்காரங்களில் பலருக்குத் தெரியாத பகுதி இது. பஸ் முதலாளி ஆகுறதுக்கு முன்னாடி நாயுடு திருப்பூரில் பஞ்சு வியாபாரம் பண்ணினார். ஜின்னிங் ஃபேக்டரி, அதாவது பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிச்சுப் பஞ்சை எடுக்கிற ஆலை நடத்தினார். பனியன் மெஷின்கள் ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி திருப்பூர்னா பருத்திச் சந்தைதான். பின்னலாடை யூனிட்டுகள் வந்தது 1920-களில். அதுக்கும் முன்னால நடந்த கதை இது.

முதல் உலகப் போர் வந்தது. பஞ்சு வியாபாரத்தில் நல்ல லாபம். கையில் பணம் சேர்ந்ததும் பம்பாய்க்குப் போய் அங்க இருந்த பெரிய பஞ்சு வியாபாரிகளோட போட்டி போடப் பார்த்தார். அங்க தோத்தார். திருப்பூரில் சம்பாதிச்சது பம்பாயில் போச்சு.

இதை வெறும் துரதிர்ஷ்டம்னு என்னால எடுத்துக்க முடியல. ஜின்னிங் மெஷினை அவரால கழட்டிப் பார்க்க முடியும். பருத்தியைக் கையில் பிடிச்சு இழையை இழுத்துத் தரம் சொல்ல முடியும். பம்பாய் மார்க்கெட்டில் கையில் பிடிக்க ஒண்ணுமே இல்ல. விலை ஏன் ஏறுது, யார் இறக்குறாங்கங்கிறது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்குது. கழட்டிப் பார்க்க முடியாத ஒரு மெஷின் அது. அவர் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப இதுதான் நடந்தது. கையில் பிடிக்க முடிஞ்சதில் எல்லாம் ஜெயிச்சார். பிடிக்க முடியாததில் தடுமாறினார்.

பொள்ளாச்சி டூ பழனி

திரும்பி வந்தவருக்குக் கைகொடுத்தவர் கோவையில் தொழில் நடத்தின ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் உதவியோட நாயுடு ஒரு பஸ் வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல அதை ஓட்ட ஆரம்பிச்சார். டிரைவர் வேற யாரும் இல்ல, அவரேதான்.

அந்த நேரத்தில் பஸ் ஓட்டுறவருக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது. வழியில் நின்னா ஆள் அனுப்பி மெக்கானிக்கைக் கூட்டிட்டு வர முடியாது. ஸ்பேர் பார்ட்ஸ் கப்பலில்தான் வரணும். உடைஞ்ச பாகத்தைப் பார்த்து, இதை லேத்தில் கடைஞ்சு எடுக்கலாமா, பட்டறையில் அடிச்சு ஒட்டலாமா, வேற வண்டியோடது பொருந்துமான்னு அங்கேயே முடிவு பண்ணணும். ருட்ஜ் வண்டியில் கத்துக்கிட்டது இங்கதான் சோறு போட்டது.

ஒரு பஸ் பல பஸ் ஆச்சு. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமா யு.எம்.எஸ்., 1933 வாக்கில் 280 பஸ்களோட ஓடிச்சு. 280 வண்டின்னா எத்தனை பேரிங், எத்தனை பிரேக் லைனிங், எத்தனை ஸ்பிரிங் பட்டைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் போகும்னு தெரியாம இவ்வளவு பெரிய ஃப்ளீட்டை ஒரு மாசம் கூட ஓட்ட முடியாது. யு.எம்.எஸ். பஸ்ஸுக்கு நேரம் தவறாத வண்டின்னு பேர் இருந்தது. நேரம் தவறாம ஓடுறதுக்குப் பின்னாடி இருக்கிறது டிரைவரோட வேகம் இல்ல, ஷெட்டில் நடக்கிற மெயின்டனன்ஸ்.

ஒரு மோட்டார்

1930-களின் ஆரம்பத்தில் நீலகிரி பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைப் பக்கம் மின்சாரம் வந்தது. மில்லுகள் பெருகிச்சு. கிணத்துக்கு மோட்டார் வைக்கலாம்னு விவசாயிக்கு ஆசை வந்தது. ஆனா மோட்டார் எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு. காயில் எரிஞ்சு போனா, புதுசுக்குக் காத்திருக்கணும்.

1937-ல் பீளமேட்டில் இருந்த நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில், டி. பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து, இந்தியாவில் செஞ்ச முதல் மின்சார மோட்டாரைக் கொண்டு வந்தாங்க. மோட்டாருக்குள்ள பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. ஸ்டேட்டர், ரோட்டார், செப்புக் கம்பிச் சுத்து, ரெண்டு பக்கம் பேரிங், வெளிய வார்ப்பிரும்புக் கூடு. செகண்ட் இயர் மெஷின்ஸ் லேபில் எல்லாரும் வரைஞ்ச படம்தான். ஆனா ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவுல இருக்கிற ஏர் கேப் மில்லிமீட்டருக்குக் கீழ. அந்த இடைவெளி சுத்தி வர ஒரே மாதிரி இருக்கணும். அதை இங்க இருக்கிற ஃபவுண்டரி, இங்க இருக்கிற லேத், இங்க இருக்கிற ஆட்களை வச்சே செய்ய முடியும்னு காட்டினதுதான் பெரிய விஷயம். பாலசுந்தரம் நாயுடு பின்னாடி டெக்ஸ்டூல் கம்பெனியை ஆரம்பிச்சு டெக்ஸ்டைல் மெஷின்கள் செஞ்சார். இன்னைக்கு கோவையைச் சுத்தி பம்ப்செட், மோட்டார், ஃபவுண்டரின்னு இருக்கிற தொழிலுக்கெல்லாம் தொடக்கம் எங்கன்னு கேட்டா, பீளமேட்டைக் காட்டலாம்.

நாயுடு அதோட நிக்கல. உலர் பேட்டரியில் ஓடுற சின்ன மோட்டார் வச்ச 'ரேசண்ட்' எலக்ட்ரிக் ரேசர், ரொம்ப மெல்லிசான சவர பிளேடு, சினிமா கேமராவுக்கு தூரம் சரி பண்ற கருவி, பழச்சாறு பிழியிற மெஷின், மண்ணெண்ணெயில் ஓடுற ஃபேன், மோசடி செய்ய முடியாதபடி ஓட்டுப் பதிவு பண்ற மெஷின்னு பட்டியல் நீளும். 1941-ல், ஐந்து வால்வ் ரேடியோவை 70 ரூபாய்க்கு செஞ்சு கொடுக்க முடியும்னு அறிவிச்சார். வெளிநாடு போகும்போது கேமராவும் கையுமா சுத்தினார். காந்தி, நேரு தொடங்கி ஹிட்லர் வரைக்கும் அவர் கேமராவில் பதிவானாங்க. தோட்டத்துக்கு வந்தா பருத்தி, பப்பாளிச் செடிகளை வச்சுப் பரிசோதனை. சுமார் பத்தடி உயரத்துக்கு வளர்ற பருத்திச் செடியை அவர் வளர்த்துக் காட்டியிருக்கார்.

நாலு வருஷமா, ரெண்டு வருஷமா?

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. நம்ம பக்கம் பஸ்களுக்குப் பின்னாடி கரி அடுப்பு மாதிரி ஒரு பாய்லரைக் கட்டி, கரியிலிருந்து வர்ற கேஸில் ஓட்டினாங்க. கரி பஸ்ஸுன்னு தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. போர் முடிஞ்சதும் இன்னொரு மாற்றம். நேச நாட்டு ராணுவங்கள் இந்தியாவில் விட்டுட்டுப் போன ஜீப்பு, லாரிகளை அரசாங்கம் விற்றது. டிஸ்போசல் வண்டின்னு பேர். ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ்னு எத்தனையோ மாடல். எதுக்கும் ஸ்பேர் கிடையாது, மேனுவல் கிடையாது. ஒரு வண்டியை உயிர்ப்பிக்க இன்னொரு வண்டியைப் பிரிச்சு, எது எதோட பொருந்தும்னு கண்டுபிடிச்சு லாரியாவும் பஸ்ஸாவும் மாத்தினவங்க ஊர் ஊருக்கு இருந்த மெக்கானிக்குகள். இன்னைக்கு மத்தவங்களுக்கு ஹாபியா இருக்கிறது அவங்களுக்குப் பிழைப்பா இருந்தது.

அப்படிப்பட்ட ஆட்களை எப்படி உருவாக்குறது? 1945-ல் நாயுடு இந்தக் கேள்விக்குள்ள இறங்கினார். அவர் கொடுத்த நன்கொடையில் கோவையில் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் காலேஜும் வந்தது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பேர் வச்சாங்க. காலேஜ் 1950-ல் தடாகம் ரோட்டுக்குப் போய், இப்போ ஜி.சி.டி., அதாவது அரசு தொழில்நுட்பக் கல்லூரியா இருக்கு. காலேஜ் போயிடுச்சு, பேர் மட்டும் போகல. அவினாசி ரோட்டில் பஸ் கண்டக்டர் ஹோப்ஸ், ஹோப் காலேஜ்னு கத்துற ஸ்டாப் இதுதான்.

அந்தக் காலேஜுக்கு முதல்வரா இருந்தவர் நாயுடு. மூணாம் வகுப்பு வரை படிச்சவர் இன்ஜினியரிங் காலேஜுக்கு முதல்வர். வந்ததும் ஒரு சண்டை பிடிச்சார். இன்ஜினியரிங் படிக்க நாலு வருஷம் எதுக்கு, மாணவர்களோட காலம் வீணாகுது, ரெண்டு வருஷமே போதும்ங்கிறது அவர் கட்சி. ஆங்கிலேய அரசாங்கம் ஒத்துக்கல. அவர் பதவியை விட்டுட்டார். அப்புறம் தன் வழியில், குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளை நடத்தினார்.

ஃபைனல் இயரில் உட்கார்ந்துகிட்டு இதைப் படிக்கும்போது சும்மா கடந்து போக முடியல. அவர் சொன்னது முழுக்க சரியா? எனக்கு அப்படித் தோணல. ஃபெட்டீக்னா என்னன்னு தெரியாம ஒரு பாலத்தையோ விமானத்தையோ கட்ட முடியாது. ஒரு ஷாஃப்ட் ஏன் பல லட்சம் சுத்துக்கு அப்புறம் திடீர்னு உடையுதுன்னு கழட்டிப் பார்த்தா மட்டும் தெரியாது. அதுக்குக் கணக்கு வேணும், மெட்டலர்ஜி வேணும், காலமும் வேணும். நாயுடு காலத்து மெஷினில் பெரும்பாலும் கண்ணால பார்த்துப் புரிஞ்சுக்க முடிஞ்சது. இப்போ ஒரு ஸ்கூட்டரில் கூட பாதி விஷயம் சீல் பண்ணின பெட்டிக்குள்ள சாஃப்ட்வேரா இருக்கு.

ஆனா அவர் கேள்வியில் ஒரு பாதி இன்னும் உயிரோடத்தான் இருக்கு. நாலு வருஷம் முடிச்சு வெளிய போறவங்கள்ல எத்தனை பேர் ஒரு எஞ்சினை முழுசா இறக்கி, திரும்ப ஏத்தி ஸ்டார்ட் பண்ணியிருப்போம்? லேபில் கட் செக்‌ஷன் மாடலைச் சுத்தி பதினஞ்சு பேர் நின்னு பார்த்திருப்போம். ரெக்கார்டில் படம் வரைஞ்சிருப்போம். வைவாவில் பேர் சொல்லியிருப்போம். பேர் சொல்றதும் பாகத்தைத் தெரிஞ்சுக்கிறதும் ஒண்ணு இல்ல. கண்ணை மூடி ஒரு டேப்பெட்டைக் கையில் கொடுத்தா சொல்லத் தெரியுமாங்கிறதுதான் அவர் வைக்கிற வைவா.

அவர் உடைச்சது

சுதந்திரம் வந்த பிறகு நாயுடு இன்னும் வேகமா வளர்ந்திருக்கணும். நடந்தது வேற. 1952-ல் ரெண்டு பேர் உட்கார்ற பெட்ரோல் கார் ஒண்ணை 2,000 ரூபாய்க்குக் கொடுக்க முடியும்னு காட்டினார். உற்பத்தி பண்ண அரசாங்கம் லைசென்ஸ் தரல. அந்தக் காலத்தில் எந்தக் கம்பெனி கார் செய்யலாம், எத்தனை செய்யலாம்னு அரசாங்கம் முடிவு பண்ணும். இரும்பும் அந்நியச் செலாவணியும் குறைவா இருக்கிற நாட்டில் அதை நாலு கைக்குப் பிரிச்சுக் கொடுக்கிறதை விட ஒண்ணு ரெண்டு பேருக்குக் கொடுக்கிறதே நல்லதுன்னு அரசாங்கம் நினைச்சிருக்கலாம். காரணம் எதுவா இருந்தாலும், ஒரு தொழிலாளி குடும்பம் கடன் வாங்கியாவது வாங்கியிருக்கக் கூடிய கார் ரோட்டுக்கு வரவே இல்ல.

வரி விஷயத்திலும் அரசாங்கத்தோட மோதினார். தொழிலில் சம்பாதிக்கிறது வரியாகவே போகுதுங்கிற கோபம். அந்தக் கோபத்தில் அவர் செஞ்ச காரியம், அவர் வாழ்க்கையிலேயே என்னை ரொம்ப யோசிக்க வச்சது. தான் உருவாக்கின பொருட்களை ஜனங்க முன்னாடி வச்சு உடைச்சார்.

உடைக்கிறதுக்கும் கழட்டுறதுக்கும் எவ்வளவு தூரம்! கழட்டுறவர் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் வரிசையா எடுத்து வைப்பார், திரும்ப மாட்டணும்ங்கிற எண்ணத்தோட. இருபது வயசில் மூணு வருஷச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கின பைக்கைக் கூட ஒரு கீறல் இல்லாம பிரிச்சுச் சேர்த்தவர் அவர். அப்படிப்பட்ட கைதான் சுத்தியலைத் தூக்குச்சு. பம்பாய் மார்க்கெட் மாதிரியே லைசென்ஸும் வரியும் அவரால கழட்டிப் பார்க்க முடியாத மெஷின்கள். ஆனா முதல் தடவை தோத்தப்போ அவர் பஸ் ஸ்டியரிங்கைப் பிடிச்சார். இந்தத் தடவை, எந்தப் பொருளை விட்டா அவருக்கு வேற அடையாளமே இல்லையோ அதையே உடைச்சார். அவர் கோபத்தில் நியாயம் இருந்திருக்கலாம். அந்தப் பொருட்களில் ஒண்ணாவது இன்னைக்கு ஒரு ஸ்டூடண்ட் கையில் கிடைச்சு, அவன் அதைத் திறந்து பார்த்திருந்தா எவ்வளவு கத்துக்கிட்டிருப்பான்னு நினைச்சா மனசு கேட்கல.

மிச்சம் இருக்கிறது

1974 ஜனவரி 4 அன்னைக்கு நாயுடு காலமானார். அப்போ அவருக்கு 80 வயசு. அவினாசி ரோட்டில் இருக்கிற பிரசிடென்ட் ஹாலில் அவர் செஞ்சதும் சேர்த்து வச்சதும் கண்காட்சியா இருக்கு. அதே ரோட்டில் 2015-ல் ஜி.டி. கார் மியூசியமும் வந்தது. பழைய கார்களை ஓடுற நிலையில் பராமரிக்கிறதுன்னா என்னன்னு பார்க்க ஆசை இருந்தா, ஒரு லீவு நாளில் திருப்பூரிலிருந்து ஒரு பஸ் பிடிச்சா போதும்.

ஜீப், ஜோங்கா மாதிரி பழைய மிலிட்டரி வண்டிகள் மேல இவ்வளவு பேருக்கு ஏன் பாசம்னு யோசிச்சா ஒரு காரணம் தோணுது. நடுக்காட்டில், இருட்டில், கையில் இருக்கிற நாலு ஸ்பேனரை வச்சு ஒரு சிப்பாய் சரி பண்ணணும்ங்கிற எண்ணத்தோட டிசைன் பண்ணின வண்டிகள் அவை. எதையும் மறைச்சு வைக்கல. எந்த போல்ட்டுக்கும் கை போகும். தன்னைத் திறந்து பார்க்க அனுமதிக்கிற மெஷின்கள். நாயுடு வாங்கின ருட்ஜும் அப்படித்தான் இருந்தது. கம்பெனி ஆள் வந்துதான் திறக்கணும்னு சீல் வச்சிருந்தா, கலங்கல் பையன் ஹோட்டல் சர்வராகவே இருந்திருக்கலாம்.

நம்ம ஊரில் திறந்து பார்க்க மெஷினுக்குப் பஞ்சமே இல்ல. ஓவர்லாக் மெஷின், பழைய நிட்டிங் மெஷின், ஓடாம நிக்கிற டி.வி.எஸ். 50, கிணத்தடியில் காயில் எரிஞ்ச மோட்டார்னு எது வேணும்னாலும் கிடைக்கும். காதர்பேட்டையைச் சுத்தி மெஷின் ரிப்பேர் பண்றவங்க, ஊசி உடைஞ்ச சத்தத்தை வச்சே எந்த இடத்துல கோளாறுன்னு சொல்லிடுவாங்க. அவங்க பக்கத்தில் ஒரு மாசம் நின்னா, ரெக்கார்ட் நோட்டில் வரைஞ்ச படம் எல்லாம் கைக்கு வரும்.

கழட்டும்போது ஒரே ஒரு விஷயம் பண்ணுங்க. ஒரு பழைய துணியை விரிச்சு, எடுக்கிற ஒவ்வொரு பாகத்தையும் எடுத்த வரிசையிலேயே வைங்க. சந்தேகம் இருக்கிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்க. மொபைலில் போட்டோ எடுத்துக்குங்க, நாயுடுவுக்கு அந்த வசதி இல்ல. திரும்ப மாட்டின பிறகு ஒரு வாஷரும் மிச்சம் இருக்கக் கூடாது. மெஷினும் ஓடணும்.